பழம் போடாத பழக் காப்பி

யாழினிக்கு மூக்கு கூர்மை. எதிர்வீட்டில் தாளிப்பது ரசத்துக்கா சாம்பாருக்கா என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். முழுப் பரீட்சை முடிந்து சேலத்துக்கு வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைமேல் இருந்த கறுப்புப் பொட்டலத்தை எடுத்து அமுக்கினாள். அதன் நெற்றியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே ‘புஸ்’ என்று காற்று வந்தது.

“மாமா, பலாப்பழம்!”

தம்பி கதிர் அதைப் பிடுங்கி முகர்ந்தான். அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்வது அவன் வழக்கமில்லை. “போக்கா, இது அன்னாசி.”

“ரெண்டும் இல்ல. காப்பிக்கொட்டை,” என்றேன்.

இருவரும் நம்பவில்லை. பொட்டலத்தைக் கத்தரித்துத் தட்டில் கொட்டினேன். பழுப்புக் கொட்டைகள் சடசடவென்று விழுந்தன. பழத்துண்டு இல்லை, எசென்ஸ் பிசுபிசுப்பு இல்லை. யாழினி ஒரு கொட்டையைப் பிளந்துகூடப் பார்த்துவிட்டாள். பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன: விளைந்த ஊர் கொலம்பியா, பதப்படுத்திய முறை ‘அனரோபிக்’, வறுத்தது எஸ்பிரெஸோவுக்காக.

“அப்போ பழம் எங்க மாமா?”

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிக்கக் கேட்காதீர்கள். காப்பியில் இருக்கும் கஃபீன் உங்கள் வயதுத் தூக்கத்தைக் கெடுக்கும். முகர்வதற்கு மட்டும் வயது வரம்பு கிடையாது.

கொட்டையைச் சுற்றி ஒரு பழம்

காப்பிப் பொடியையே பார்த்து வளர்ந்த நமக்கு, காப்பி ஒரு பழத்தின் விதை என்பது மறந்துபோகிறது. ஏற்காட்டுக்குக் கார்த்திகை, மார்கழியில் போனால் பாருங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே, கொம்பை ஒட்டிக் கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழங்கள் இருக்கும். இலந்தைப்பழ அளவு. ஒன்றை அழுத்தினால் தோல் கிழிந்து இரண்டு விதைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. சில பழங்களில் ஒரே விதைதான் இருக்கும். ஜோடி இல்லாததால் அது உருண்டையாக வளர்ந்துவிடும். காப்பிப் பொடிக் கடைப் பலகையில் ‘பீபெரி’ என்று எழுதியிருப்பது அந்த ஒற்றைப் பிள்ளையைத்தான்.

விதை ஏன் வழுக்குகிறது? நறுவிலிப் பழம் தின்றிருக்கிறீர்களா? சில ஊர்களில் மூக்குச்சளிப் பழம் என்பார்கள். அதே மாதிரி ஒரு வழவழப்பான இனிப்புச் சதை காப்பி விதையையும் சுற்றியிருக்கிறது. அதற்கடியில் காகிதம் போன்ற ஓர் உறை. தோட்டத்தில் அதைப் ‘பார்ச்மெண்ட்’ என்பார்கள். அதையும் உரித்தால் வெள்ளிநிறத்தில் மெல்லிய சவ்வு, அதற்குள் விதை.

அந்த வழவழப்பு உழவருக்குப் பெரிய தொல்லை. அப்படியே காயவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். அதனால் தோலை இயந்திரத்தில் உரித்து, விதைகளைத் தொட்டியில் ஓரிரு நாள் ஊறப்போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து வழவழப்பைத் தின்று கரைக்கும். பிறகு கழுவிக் காயவைப்பார்கள். உலகத்தில் பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை இது. கொலம்பியா இந்தக் கழுவல் முறைக்கே பெயர்போன நாடு. இங்கே புளிக்கவைப்பது பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு துப்புரவு வேலைதான். புளிப்பில் சுவை ஏறுகிறதே, அதையே ஒழுங்காகச் செய்து பார்த்தால் என்ன என்று காப்பி உலகம் தீவிரமாகக் கேட்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை.

கெட்டுப்போன திராட்சை

இந்த யோசனைக்கு ஒரு பழைய உறவுக்காரர் உண்டு. பிரான்ஸ் நாட்டில் 1934-ல், மிஷேல் ஃப்ளான்ஸி என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் திராட்சைப் பழத்தை வாடாமல் வைத்திருக்க ஒரு வழி தேடினார்கள். குளிர்ச்சியான இடத்தில், கரியமில வாயு நிரப்பிய பெட்டிக்குள் பழங்களை மூடி வைத்தார்கள். காற்று இல்லாவிட்டால் அழுகாது என்பது கணக்கு. இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது பழம் அழுகவில்லைதான். ஆனால் சோடா குடித்த மாதிரி நாக்கில் சுருசுருவென்றது. தின்ன லாயக்கில்லை. வீணாக்குவானேன் என்று பிழிந்து மதுவாக்கினார்கள். அதில் வழக்கத்தில் இல்லாத ஒரு பழவாசம்!

காற்று கிடைக்காத திராட்சை, தோல் கிழியாமல் முழுப்பழமாக இருக்கும்போதே தனக்குள்ளேயே புளிக்கத் தொடங்கியிருந்தது. அந்த முறைக்குக் ‘கார்பானிக் மெசரேஷன்’ என்று பெயர். பழத்தைக் காப்பாற்றப் போட்ட திட்டம் தோற்றதால் கிடைத்த முறை. எனக்கு இப்படிப்பட்ட தோல்விகள் மேல் தனிப் பிரியம்.

அதைக் காப்பிக்குக் கொண்டுவந்து உலகமே திரும்பிப் பார்க்கவைத்தவர் சாஷா ஷெஸ்டிச். ஆஸ்திரேலியாக்காரர். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் ஹேண்ட்பால் ஆடியவர். பந்தை விட்டுவிட்டுக் காப்பிக்கு வந்தார். 2015-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலக பாரிஸ்டா போட்டி நடந்தது. பாரிஸ்டா என்றால் நம் ஊர் டீக்கடை மாஸ்டருக்கு இத்தாலியத் தம்பி. பதினைந்தே நிமிடத்தில் நடுவர்களுக்குப் பன்னிரண்டு பானங்கள் கலந்து தர வேண்டும். ஷெஸ்டிச் கொண்டுவந்தது கொலம்பியாவில் விளைந்த ‘சூடான் ரூமே’ என்ற அரிய வகைக் காப்பி. அதைத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில், கரியமில வாயுவுக்குள் புளிக்கவைத்திருந்தார்கள். கோப்பை அவருக்குத்தான் கிடைத்தது. பிறகு என்ன? கொலம்பியாவிலிருந்து சிக்மகளூர் வரை தோட்டங்களில் மூடிபோட்ட பீப்பாய்கள் முளைக்க ஆரம்பித்தன.

காற்றைத் துரத்துவது எதற்கு?

அனரோபிக் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காற்றில்லாத வாழ்வு என்று பொருள். காற்று இல்லாமலும் உயிர் வாழ முடியும் என்று 1860-களில் காட்டி, அந்த உயிர்களுக்கு இந்தப் பெயரையும் வைத்தவர் லூயி பாஸ்டர்.

இப்போது கொலம்பியாவின் மலைத் தோட்டத்துக்குப் போவோம். பழுத்த பழங்களைப் பொறுக்கி ஒரு பீப்பாயில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுகிறார்கள். மூடியில் ஒரு வால்வு. உள்ளே இருப்பது வெளியே போகலாம், வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. சைக்கிள் டியூப் வால்வைத் திருப்பிப் போட்ட மாதிரி. பழத்தோலோடு ஒட்டிவந்த ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுக் கரியமில வாயுவை விடத் தொடங்கும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பீப்பாயின் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டே வந்து, பழைய காற்றை வால்வு வழியே வெளியேற்றிவிடும்.

காற்று போனதும் ஆட்கள் மாறுகிறார்கள். பூஞ்சைகளுக்கு மூச்சு முட்டுகிறது. வினிகர் செய்கிற பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும், அதனால் அதுவும் அடங்கிவிடுகிறது. காற்றில்லாமல் காலம் தள்ளத் தெரிந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈஸ்டுகளும் ராஜ்யம் பிடிக்கின்றன. இந்தக் கூட்டத்தில் ஒரு பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ். வாயில் நுழையாத பெயர். ஆனால் ஆள் உங்களுக்கு ரொம்ப வேண்டியவர். உங்கள் வீட்டு இட்லி மாவை இரவோடிரவாகப் பொங்கவைப்பதில் முதல் பங்கு இந்தப் பாக்டீரியாவுக்குத்தான். காப்பித் தொட்டிகளிலும் இவரை அடிக்கடி பார்க்கலாம்.

சரி, காற்று இல்லாவிட்டால் வாசனை எப்படி வரும்? விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் நன்றாக இருந்தால் விறகு முழுக்க எரிந்து சாம்பலாகும், புகை அதிகம் இருக்காது. ஊதாங்குழலை எடுத்துவிட்டு அடுப்பை மூடினால் விறகு பாதி எரிந்து புகையும் வாடையும் கிளம்பும். நுண்ணுயிரின் வயிற்றிலும் ஏறக்குறைய இதே கதை. ஈஸ்டுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் ஒரு சர்க்கரை மூலக்கூறை முழுக்க எரித்துக் கரியமில வாயுவும் தண்ணீருமாக்கி, ஏறக்குறைய 30 காசு சக்தி சம்பாதிக்கலாம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெறும் 2 காசுதான். பாதி எரிந்த மிச்சமாக ஆல்கஹால் தங்கிவிடும். பாக்டீரியாக்களோ லாக்டிக் அமிலத்தை மிச்சம் வைக்கும். இந்த லாக்டிக் அமிலம் உங்களுக்கும் புதிதில்லை. விளையாட்டு விழாவில் மூச்சுவாங்க ஓடுகிறீர்களே, அப்போது உங்கள் தொடைத் தசைகளும் இதே குறுக்குவழியில் போய் இதைத்தான் உண்டாக்குகின்றன.

கதிர் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “அப்ப நானும் புளிச்சிருக்கேனா மாமா?”

கொஞ்சம்.

அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் என்ற பொருள் பிறக்கும். ஈஸ்டு தன் உடலுக்குள்ளேயே இந்தக் கல்யாணத்தை நடத்திவைக்கும். எஸ்டர்கள்தான் பழவாசனையின் உயிர். ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர் வாழைப்பழ வாசனை தரும். கடையில் வாங்கும் வாழைப்பழ மிட்டாயில் போடுவதும் அதைத்தான். எத்தில் பியூட்டிரேட்டுக்கு அன்னாசி வாசனை. பலாச்சுளையின் மணமும் பெரும்பாலும் எஸ்டர்களால் ஆனதுதான். அதனால் யாழினி, கதிர் இருவர் சொன்னதிலும் தப்பில்லை. பழமரம் வௌவாலையும் பறவையையும் கூப்பிட எந்த வகைப் பொருளைச் செய்கிறதோ, அதே வகைப் பொருளை ஈஸ்டும் செய்கிறது. பழ ஈக்கள் அந்த வாசனைக்கு மயங்கி வந்து உட்கார, அவற்றின் காலில் ஒட்டிக்கொண்டு ஈஸ்டு அடுத்த பழத்துக்கு ஊர்வலம் போகும்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அன்னாசி வாசனை எஸ்டரில் இருக்கும் அமிலத்தைத் தனியே பிரித்து முகர்ந்தால் வாந்தி வாடை அடிக்கும். அதன் பெயர் பியூட்டிரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றமும் அதுதான். ஆல்கஹாலோடு கைகோத்ததும் அதுவே அன்னாசி ஆகிவிடுகிறது. பீப்பாயைத் திறக்கும் நேரம் தப்பினால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும். ஒரு நாளில் திறப்பவர்களும் உண்டு, ஐந்தாறு நாள் விடுபவர்களும் உண்டு. மலைக்குளிரில் மெதுவாகப் புளிக்கும், வெயிலில் தறிகெட்டு ஓடும். அதனால் அமிலத்தின் அளவை மானியால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதைக் காட்டும் பிஎச் எண் 5-க்கு மேலிருந்து 4-ஐ நோக்கி இறங்கும். எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறுகிறது என்று பொருள். சரியான நேரத்தில் திறந்தால் பழவாசம். தவறவிட்டால் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலவோ வெங்காயம் போலவோ வாடை வீசும். ஒரு பீப்பாய் முழுக்க நஷ்டம்.

பீப்பாயில் நடக்கும் கலாட்டா எல்லாம் விதைக்கு வெளியே. அது எப்படி உள்ளே போகும்? விதை செத்த பொருள் இல்லை. ஈரம் பட்டால் முளைக்கத் துடிக்கும் குழந்தை. அமிலங்களும் சில வாசனைப் பொருள்களும் காகித உறை வழியே மெல்ல ஊறி விதைக்குள் போகின்றன. விதையும் சும்மா இருப்பதில்லை. மூச்சு முட்டும்போது, அந்தத் திராட்சையைப் போலவே, தன்னிடம் இருக்கும் சர்க்கரையை வேறு வழியில் செலவழிக்கத் தொடங்குகிறது. கொஞ்சம் வெளியிலிருந்து, கொஞ்சம் உள்ளிருந்து. பிறகு பரண் போன்ற பந்தல்களில் விரித்துப் பொறுமையாகக் காயவைப்பார்கள். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்கு வரவேண்டும். முழுப்பழமாகக் காய்ந்தால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

நடுவில் ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். சிலர் பீப்பாய்க்குள் உண்மையான பழத்தையோ பட்டையையோ போட்டுப் புளிக்கவைக்கிறார்கள். செய்யக்கூடாது என்பதில்லை. அதைப் பொட்டலத்தில் சொல்லாமல் மறைத்தால் அது எனக்குக் கள்ளாட்டம்.

200 டிகிரியில் ஒரு சிக்கல்

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு யாழினி ஒரு குண்டைப் போட்டாள். “மாமா, அம்மாயி ரசத்தை ரொம்பக் கொதிக்கவிடக் கூடாது, வாசம் போயிரும்னு சொல்லும். காப்பிக்கொட்டைய வறுக்கறாங்களே, அதுல வாசம் போகாதா?”

இந்தக் கேள்விக்காகவே அவளுக்கு இரண்டு முறுக்கு கூடுதலாகக் கொடுத்தேன். எஸ்டர்களில் எளியதான எத்தில் அசிடேட் 77 டிகிரியிலேயே கொதித்துவிடும். அன்னாசி எஸ்டருக்கு 121 டிகிரி. வாழைப்பழ எஸ்டருக்கு 142. வறுக்கும் உருளைக்குள் கொட்டையின் சூடோ 200 டிகிரியைத் தாண்டும். நியாயமாகப் பார்த்தால் ஒரு பொட்டு வாசனைகூட மிஞ்சக் கூடாது.

பெரும்பகுதி போகத்தான் செய்கிறது. ஆனால் மூன்று விஷயங்கள் காப்பாற்றுகின்றன. காப்பி விதையின் செல் சுவர்கள் மிகத் தடிப்பானவை, ஒவ்வொரு செல்லும் சின்ன பிரஷர் குக்கர் மாதிரி. அரேபிகா கொட்டையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது. தாளித்த எண்ணெய் கடுகு வாசனையைப் பிடித்து வைப்பதுபோல அந்த எண்ணெய் எஸ்டரைப் பிடித்து வைக்கிறது. மூன்றாவது உங்கள் மூக்கு. அன்னாசி எஸ்டர் தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மிஞ்சியது துளியாக இருந்தாலும் போதும்.

வறுக்கும்போது புதிய வாசனைகளும் பிறக்கின்றன. பச்சைக்கொட்டைக்குக் காய்ந்த பயறு வாடைதான் இருக்கும். 150 டிகிரியை நெருங்கும்போது மஞ்சளாகும். அப்புறம் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகும். இதை 1912-ல் விளக்கியவர் லூயி காமீ மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். தோசை முறுகுவதும் முறுக்கு சிவப்பதும் இந்த மயார் வினைதான். புளிக்கவைத்த விதைக்குள் சர்க்கரை, அமிலங்களின் கணக்கு மாறிப்போயிருப்பதால் பிறக்கும் வாசனைகளும் மாறுகின்றன. கதிர் சொன்ன அன்னாசிக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த சாக்லேட் வாசம் பீப்பாயிலிருந்து வந்ததில்லை. அது நெருப்பு போட்டது.

200 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகக் கொட்டைகள் நெல்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். முதல் வெடிப்பு என்பார்கள். உள்ளே நீராவியும் கரியமில வாயுவும் முட்டி விதையைப் பிளக்கிற சத்தம். இன்னும் சூடேற்றினால் 225 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடிப்பு, சுள்ளி ஒடிகிற மாதிரி மெல்லிய சத்தம். அதற்குமேல் போனால் எண்ணெய் மேலே கசிந்து எல்லாக் காப்பியும் ஒரே கருகல் வாசனையாகிவிடும். எந்த ஊர், எந்தப் பீப்பாய் என்ற கதையெல்லாம் அங்கே முடிந்துபோகும்.

வறுப்பவர் நிறுத்த வேண்டிய இடம் இரண்டு வெடிப்புக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. முதல் வெடிப்பு தொடங்கியதுமே நிறுத்தினால் பழவாசம் அதிகம் மிஞ்சும், புளிப்பும் அதிகம் மிஞ்சும். நிறையத் தண்ணீரில் மெதுவாக வடிக்கும் காப்பிக்கு அது அழகு. எஸ்பிரெஸோவுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கு எஸ்பிரெஸோ போடும் இயந்திரத்தைப் பார்த்தாக வேண்டும்.

கோயில் விமானத்தைவிட உயரமான தண்ணீர்

நம் வீட்டு ஃபில்டரில் தண்ணீரை இழுப்பது பூமியின் ஈர்ப்பு மட்டும். சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் ஒரு பேப்பர் படித்து முடிக்கலாம். இத்தாலியர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1884-ல் தூரின் நகரில் ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் காப்பி தயாரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா அதை ஒவ்வொரு கோப்பையாகப் போடும்படி மாற்றினார். நீராவி அழுத்தம் குறைவு, சூடு அதிகம். காப்பி கசந்தது. அதே மிலானில் அக்கிலே காஜ்ஜா நீராவியை ஓரங்கட்டிவிட்டு, பிஸ்டனால் வெந்நீரை அழுத்தித் தள்ளும் வழியைக் கண்டார். முதல் காப்புரிமை 1938-ல். போருக்குப் பிறகு அவர் செய்த ஸ்பிரிங் கைப்பிடி இயந்திரங்களில்தான் காப்பியின்மேல் பொன்னிற நுரை தோன்றியது.

இன்றைய கணக்கு 9 பார் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கு. 90 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணை அந்தப் பொடியின் தலையில் நிறுத்தின மாதிரி! தஞ்சைப் பெரிய கோயில் விமானம்கூட அவ்வளவு உயரமில்லை. 90-லிருந்து 96 டிகிரி வரை சூடான வெந்நீர், 18 கிராம் பொடிக்குள் புகுந்து, 25 முதல் 30 நொடிக்குள் ஏறக்குறைய 36 கிராம் காப்பியாக வெளியே வந்துவிடும். இரண்டு மடக்கு. அவ்வளவுதான்.

அரை நிமிடத்தில், கைப்பிடியளவு தண்ணீரில், எல்லாச் சுவையும் வந்து சேர வேண்டும். குறைவாக வறுத்த கொட்டை கெட்டியாக இருக்கும், தன்னிடம் இருப்பதை லேசில் விடாது. முதலில் கரைந்து வருவது புளிப்பு. இனிப்பும் கனமும் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஏற்கெனவே பீப்பாயில் அமிலம் ஏறிய கொட்டை வேறு. அதனால் எஸ்பிரெஸோவுக்கு வறுப்பவர் முதல் வெடிப்புக்குப் பிறகும் சற்று நேரம் விட்டுவைப்பார். கொட்டை உப்பி, நொறுங்குபதம் வரும், அமிலத்தில் ஒரு பங்கு சிதையும். சற்று அதிகம் விட்டால் பலாப்பழம் போய்விடும். இந்தச் சில நொடி ஊசலாட்டத்துக்குத்தான் வறுப்பவர் சம்பளம் வாங்குகிறார் என்பேன்.

அந்தப் பொன்னிற நுரை நம் டபராவில் ஆற்றும்போது வரும் நுரையைப் போன்றதில்லை. நாம் ஆற்றும்போது பால் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. எஸ்பிரெஸோவில் வறுத்தபோது கொட்டைக்குள் சிறைப்பட்ட கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்து, கோப்பைக்கு வந்ததும் விடுதலையாகிக் குமிழாகிறது. வறுத்த கொட்டை பல நாள் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வாயு அதிகமிருந்தால் தண்ணீருக்கு வழிவிடாது. அதனால் வறுத்த அன்றே போடாமல் ஒன்றிரண்டு வாரம் ஓய்வு கொடுப்பார்கள். பொட்டலத்தை இறுக ஒட்டினால் உப்பி வெடிக்கும், திறந்துவைத்தால் ஆக்சிஜன் நுழைந்து வாசனையைக் கெடுக்கும்.

“அதுக்குத்தான் அந்த ஓட்டையா?” என்றான் கதிர்.

அதற்குத்தான். உள்ளே இருப்பது வெளியே போகலாம், வெளியே இருப்பது உள்ளே வர முடியாது.

யாழினி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். “மாமா, இதையே பீப்பாய்க்கும் சொன்னீங்க.”

அம்மாயியின் தீர்ப்பு

என் வீட்டில் எஸ்பிரெஸோ இயந்திரம் இல்லை. பித்தளை ஃபில்டர்தான். இருந்த ஆசையில் அந்தக் கொட்டையை அரைத்து டிகாக்‌ஷன் இறக்கி, பால் கலந்து என் அம்மாவிடம், அதாவது பிள்ளைகளின் அம்மாயியிடம், நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்ன கண்ணு, நேத்து டிகாக்‌ஷனா? புளிச்சுக் கெடக்கு.”

கொலம்பியா, பீப்பாய், சியாட்டில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பழத்தக் குடுத்தா பழமாத் தின்னுட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தனக்குச் சிக்கரி போட்ட காப்பி கலந்துகொண்டார். அவர் நாக்கு பொய் சொல்லவில்லை. புளிப்பு இருந்தது உண்மை. அந்தப் புளிப்பும் பழவாசமும் ஒரே பீப்பாயில் பிறந்தவை. பால் சேர்ந்ததில் வாசனை அமுங்கிப் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டது. தப்பு என்னுடையது.

பழவாசம் நாக்கில் இல்லை, மூக்கில்தான் இருக்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். ஆரஞ்சு மிட்டாய் ஒன்று, அன்னாசி மிட்டாய் ஒன்று எடுங்கள். கண்ணைக் கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு நண்பரைத் தின்னச் சொல்லுங்கள். இனிப்பும் புளிப்பும்தான் தெரியும், எது எது என்று சொல்லத் திணறுவார். மூக்கை விட்டதும் தொண்டையின் பின்வழியாக வாசனை மேலே ஏறும். “அன்னாசி!” என்று கத்துவார்.

இன்னொரு சோதனையை யாழினியும் கதிரும் அன்றிரவே செய்தார்கள். புதிதாக அரைத்த இட்லி மாவை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வாயில் பலூனை மாட்டி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பாட்டிலைத் திருகு மூடியால் இறுக்கவே கூடாது. கண்ணாடி பாட்டிலும் வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மாவை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைத்து, நடுராத்திரியில் மூடி பறந்து உத்தரத்தில் இடித்து, வீடே திருடன் என்று எழுந்தது. மறுநாள் சுவரெல்லாம் மாவு.

காலையில் தொங்கிக்கிடந்த பலூன் எழுந்து நின்றிருந்தது, முழுக்க ஊதாமல், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி. கதிர் அதை அவிழ்த்து மூக்கில் வைத்து ஊதிக்கொண்டான். முகம் கோணியது.

“பலாப்பழம் வருதா?” என்றாள் யாழினி.

“இல்லக்கா. இட்லிதான் வருது.”

சமையலறையில் அம்மாயி மிச்ச மாவுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். தட்டை ஒரு பக்கம் சற்றே சாய்த்து மூடியிருந்தார், ஒரு விரல் இடைவெளி விட்டு. “ஏன் அம்மாயி இப்படி மூடுறீங்க?” என்று கேட்டாள் யாழினி.

“மூச்சு விடணும்ல சாமி,” என்றார் அவர், கரண்டியைத் தேடிக்கொண்டே.